சீசனில் வைத்த தேர்வு

2025 ஜூன் பதினான்கு, சனிக்கிழமை, காலை ஏழு பத்து. சாரல். மேற்கே மலை இருந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. தென்காசியில் எங்கள் டென்னிஸ் மண் தளத்தில் ஏழு இடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. இரண்டு முறை எண்ணினேன்.

அன்றைக்கு மாவட்டத் தேர்வு. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஆலங்குளத்துப் பெண். இன்னொருத்தி ஐந்து வருடமாக என்னிடம் பயிற்சி பெறுகிறவள். ஜெயிக்கிறவள் மாநிலப் போட்டிக்குப் போவாள். என் மாணவிக்கு வயது வரம்பில் இதுதான் கடைசி வருடம். அவள் அப்பா பட்டாளத்திலிருந்து வந்து புளியறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். இந்த முறையும் பெயர் போகாவிட்டால் டென்னிஸ் போதும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். முப்பத்தோரு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான்.

மழைக்காலத்தில் தேர்வு வைக்கிற முட்டாள் யார் என்று கேட்கலாம். நான்தான். மாவட்டம் பிரிந்து நான் சங்கச் செயலாளரானபோது, சென்னையிலிருந்து பார்வையாளர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தேர்வு செல்லும் என்றார்கள். இவ்வளவு தூரம் வர ஒருவருக்கும் மனமில்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருக்கும் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன். ஒரே வாரத்தில் மூன்று பேர் வருவதாகப் பதில் போட்டார்கள். அதிலிருந்து ஜூன்தான். முந்தைய மூன்று தேர்வுகளில் முழுதாக ஆடி முடிந்தது ஒரே ஒரு மாட்ச்.

பதினான்கு சாக்குகளால் தண்ணீரை ஒற்றி எடுத்தோம். எட்டு ஐம்பதுக்கு வெயில் வந்தது. ஒன்பது இருபதுக்குத் தளம் ஆடக்கூடியதாகிவிட்டது. எட்டு மணிக்குள் திரும்புவதாகச் சொல்லி ஐந்தருவிக்குப் போன பார்வையாளரைத்தான் காணவில்லை. பதினோராவது அழைப்பை அவருடைய கார் டிரைவர் எடுத்தார்.

"அவரு குளிக்காரு அண்ணாச்சி. போன் எங்கிட்டதான் கெடக்கு."

"உடனே கூட்டிட்டு வாப்பா. வெயில் வந்துட்டு."

"உள்ள ஐநூறு பேரு நிக்காவ. இதுல இவரு மண்டை எதுன்னு கண்டேன்?"

மாணவியின் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தொடங்கிருவோம் அண்ணாச்சி. அவரு வந்து கடைசி செட்டப் பாக்கட்டும்."

"அவர் பார்க்காத மாட்ச் செல்லாது."

"ஆலங்குளத்துப் பிள்ளைக்க அம்மையே சரிங்காவ. நாம சொல்லாட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்லா."

"பட்டாளத்துலயே இவ்வளவு ரூல் இல்ல அண்ணாச்சி."

நான் அசையவில்லை. இரண்டு பெண்களும் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் அடித்தது. அதில் தளம் ஆடக்கூடியதாக இருந்தது ஒன்றேகால் மணி நேரம். ஒரு மாட்சுக்குப் போதும்.

பத்து முப்பத்தைந்துக்குச் சாரல் திரும்பியது. பத்து நாற்பதுக்குப் பார்வையாளர் வந்தார், தலையில் எண்ணெய் வாசனையோடு.

"செம கூட்டம் சார். லைன்லயே ரெண்டு மணி நேரம் போச்சு. என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?"

நாளைக்கு வைக்கலாமா என்று கேட்டேன். சாயங்காலம் ரயில், திங்கட்கிழமை பட்டியல் போக வேண்டும் என்றார். பிறகு கையை நீட்டினார். "காயின் இருக்கா சார்? டாஸ் போட்டுடலாம். அதுக்கு ரூல் இருக்கு."

இருந்தது. நானும் படித்திருக்கிறேன். சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். என் மாணவி தலை கேட்டாள். பூ விழுந்தது.

அவள் அப்பா என்னைப் பார்க்கவில்லை. "ஏட்டி, பேட்ட உறையில போடு. பஸ்ஸு வந்துரும்."

அவள் அன்று காலை நான் பிரித்துக் கொடுத்த மூன்று பந்துகளையும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"அழுக்கே படல சார். அடுத்தாளுக்கு ஆவும்."

அடுத்த ஆள் யாரும் இல்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

சங்கத்தில் பணம் கிடையாது, எல்லாம் என் பென்ஷன். பார்வையாளருக்கு இரண்டு நாள் அறை மூவாயிரம், கார் ஆயிரத்து இருநூறு, எண்ணெய் தேய்ப்பு அறுநூறு, பந்து ஐந்நூற்று எண்பது. டாஸ் போட்ட நாணயத்தை அவர் மறதியாகத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆக மொத்தம் ஐயாயிரத்து முந்நூற்று எண்பத்தோரு ரூபாய்.