அது காக்கா இல்லை, காக்கா

உலகத்தில் எவனெவன் எதையெதைத் தின்றான் என்று யாராவது வாய் பிளந்து பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாம்பாம், வண்டாம், மண்ணாம். தின்றவனுக்கு அது சோறு. பக்கத்தில் நின்று மூக்கைப் பொத்துகிறவளுக்குத்தான் அது அதிசயம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் எனக்கு இன்றைக்கும் காக்காக்காரி என்றுதான் பெயர். நான் ஜென்மத்தில் காக்கா தின்றதில்லை. அந்தப் பெயரை வைத்தவர்கள் நன்றாகவே இருக்கக் கூடாது என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. எழுத்து என்றால் அப்பா வாங்கி வந்த பாலபாடப் புத்தகம் ஒன்றே ஒன்று. அதில் 'கா' எழுத்துக்கு நேரே ஒரு காக்கா படம் இருக்கும்.

அப்பாவின் அக்கா மகனுக்கு என்னைக் கொடுப்பதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. எனக்கும் அத்தானைப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? எழுபத்தெட்டு வாக்கில் நாள் குறிப்பதற்காக அத்தையும் அத்தானும் கோவில்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து வந்து இறங்கினார்கள். அத்தை பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே வறுத்த ஈசலும் பொரியும். விளக்கைச் சுற்றிப் பறக்குமே, அதே ஈசல்தான். அம்மாவுக்கு ஈசல் ஆகாது. ஆனாலும் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, "நல்லாருக்கு மதினி" என்றாள். மரியாதை என்றால் அதுதான்.

மத்தியானம் பக்கத்து வீட்டு சேச்சி ஒரு பாத்திரம் நிறையக் கக்கா இறைச்சி கொண்டுவந்து வைத்தாள். காயலில் கிளிஞ்சல் அள்ளி, அவித்து, உள்ளே இருக்கிற சதையை எடுத்து, தேங்காய்ச் சில்லும் மிளகும் போட்டு வறட்டுவார்கள். கொச்சிக்காரனுக்கு அது சாதாரணம். கல்யாணப் பேச்சு வீடு என்று சேச்சி பாவம் காலையிலிருந்து உட்கார்ந்து சுத்தம் செய்திருக்கிறாள்.

அத்தை இரண்டு தரம் வாங்கித் தின்றாள். அத்தான் மூன்று தரம். விரலை நக்கிக்கொண்டே அத்தை கேட்டாள்: "ஏட்டி, இது என்ன கறி? ஈரல் கணக்கா இருக்கு?"

நான் பெருமையாகச் சொன்னேன்: "இது கக்கா எறச்சியாக்கும் அத்தே. இவிடெ நெறயக் கிட்டும்."

அத்தையின் கை அப்படியே நின்றது. "காக்காவா?"

"ஆமா, கக்கா."

அவ்வளவுதான். அத்தை முற்றத்துக்கு ஓடிக் குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தாள். "எலே தம்பி, எம் மாமனாருக்குச் சோறு வைக்கிற காக்காவையாலே அறுத்துத் திங்கீக? நீ நெல்லா இருப்பியாலே?" அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். காதில் போட்டுக்கொண்டால்தானே! வாயைக் கொப்பளித்துவிட்டு, வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி மென்றாள். அந்தச் சுண்ணாம்பு அதே கிளிஞ்சலைச் சுட்டு நீற்றியதுதான். அதை எடுத்துச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

நான் அத்தானைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுப் போய், சேச்சி வீட்டுச் சுவரோரம் குவிந்து கிடந்த கிளிஞ்சல்களைக் காட்டினேன். அவர் ஒன்றை எடுத்துத் திறந்து மூடிப் பார்த்துச் சிரித்தார். "அட, இதானா? அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீ அழாத" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. சாயந்திரமே இரண்டு பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லை. அப்பாவுக்குக் கண் மங்கல், அதனால் என்னை எழுதச் சொன்னார். "ரெண்டு வரி போதும்மா. அக்கா, நீ தின்றது காக்கா இல்லை, கக்கா. நாளைக் குறி." எழுதினேன். ஒட்டினேன். நானே போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

கடைசியில் விஷயம் தெரிந்தது அந்த ஊரிலிருந்து இங்கே மார்க்கெட்டில் வேலைக்கு வந்த ஒரு ஆளால்தான். அவன் என் முகத்துக்கு நேரேயே சிரித்தான். "நீங்கதான அந்தக் காயிதம் போட்டது? 'நீ தின்றது காக்கா இல்லை, காக்கா'ன்னு! அம்மாடி, ஊரே விழுந்து விழுந்து சிரிச்சிச்சு."

பாலபாடத்தில் பழகிய கை, முதல் எழுத்துக்கும் ஒரு கால் போட்டுவிட்டது. என் கல்யாணத்தை ஒரு துணைக்கால் மிதித்துப்போட்டது. வெட்கத்தில் செத்தேன். பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"அத்தைக்குப் படிக்கத் தெரியாதே, யார் வாசிச்சது?"

"உங்க அத்தான்தான். டீக்கடையில வச்சு, ராகம் போட்டு, ரெண்டு மட்டம் வாசிச்சாரு."

அவர் அந்தச் சித்திரையில் பஸ் முதலாளி வீட்டில் பெண் எடுத்தார். எனக்கு அடுத்த வருஷம் இதே தெருவில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நல்ல மனிதர். என்னோடு உட்கார்ந்து கக்கா சுத்தம் செய்வார். ஆனால் மூன்று வருஷம் நான் யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை. கடைக்குச் சாமான் பட்டியல்கூட அவர்தான் எழுத வேண்டும். அப்புறம் ஒருநாள் ஆத்திரம் வந்தது. ஒரு நோட்டு வாங்கி, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அ, ஆ என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

எண்பத்தைந்தோ ஆறோ, அத்தானிடமிருந்து கார்டு வந்தது. அம்மா காலமானார்கள், பதினாறாம் நாள் காரியத்துக்குக் குடும்பத்தோடு அவசியம் வரவும் என்று. அழகான கையெழுத்து. பிழை ஒன்றுகூட இல்லை. எனக்கு அத்தைமேல் இருந்த கோபம் அன்றைக்கே போய்விட்டது. பாவம், அவளுக்குக் காதில் விழுந்தது அவ்வளவுதான். இந்த மனிதருக்கு என்ன கேடு?

"போகணுமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கார்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றேன்.

வாங்கி வந்தார். எழுதினேன். முதல் எழுத்துக்குக் கால் இல்லையே என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டேன்.

"அத்தான், நீங்கள் தின்றது கக்கா. கிளிஞ்சல் உங்கள் சட்டைப் பையில் இருந்தது. இதையும் டீக்கடையில் வாசியுங்கள்."