கடலுக்குள் போன வழி

சென்ற வாரம் மகன் காரை நெடுஞ்சாலையோரம் நிறுத்தினான். முன்னொரு காலத்தில் ஒரு படை இவ்வழியே நடந்து சென்றதாக அங்கே ஒரு பலகை அறிவித்தது. அவன் இறங்கிப்போய் வாசித்தான், நான் இறங்கவில்லை. எட்டு மாதங்களுக்கு முன்பு வரை பின்னிருக்கையில் என் மனைவி திரேசா இருப்பாள். இருந்திருந்தால், "இதாவது சரியான இடத்திலயோ நிக்குது?" என்று கட்டாயம் கேட்டிருப்பாள்.

அறுபதுகளின் இறுதியில் நான் வேலணைத் தீவில் சரித்திரம் படிப்பித்தேன். மண்கும்பானைத் தாண்டி, கடலுக்குக் குறுக்கே யாழ்ப்பாணத்துக்குப் போகும் தாம்போதி வீதியருகில் ஒரு வெள்ளைக் கல் நின்றது. ஐரோப்பியப் படையொன்று கோட்டையைப் பிடிக்க இவ்வழியே அணிவகுத்துச் சென்றதாம். ஆடு கட்டுவதற்கு உகந்த கல். நீங்கள் சிரிக்கலாம், புதிய பட்டதாரிக்குரிய பயபக்தியோடு மாணவரை வரிசையில் அழைத்துப்போய் அதைக் காட்டியவன் நான்.

திரேசாவின் தகப்பனார் அந்த ஆழமில்லாத பரவைக்கடலில் மீன்பிடித்தவர். கல்யாணமான புதிதில் கல்லைப் பற்றி அவரிடம் பெருமையாகச் சொன்னேன். வலையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"மாஸ்ரர், இந்த ரோட்டுப் போட்டது என்ரை கண்ணுக்கு முன்னால. அவங்கள் எப்பிடி இதால நடந்தவங்கள்?"

படை நடந்தது கடலுக்குள்ளால். தண்ணீருக்கடியில் ஒரு மணல் மேடு இருந்தது. முன்னே தடியால் தட்டித் தட்டி வழிகாட்டிப் போனவர் தம் முன்னோர்களில் ஒருவர் என்று அவர் குடும்பம் வாய்வழியாகச் சொல்லிவந்தது. அடுத்த சனிக்கிழமை திரேசா என்னை அந்த வழியே கூட்டிப்போனாள். கரையெங்கும் அழுகிய சாதாளைக் கடற்புல்லின் நாற்றம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கதைத்தபடி முன்னே நடந்தாள். நான் குறிப்புப் புத்தகம் நனையாமல் உயர்த்திப் பிடித்தபடி பின்னே போனேன்.

பிறகு அரசாங்கத்துக்குக் கடிதங்கள் எழுதினேன். கல்லை இடம் மாற்றவேண்டும். வழிகாட்டியவருக்கு ஒரு வரி சேர்க்கவேண்டும். பல ஆண்டுகள் கழித்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். நோயில் கிடந்த மாமா, வெளுத்த சேட்டுப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து கரையில் காத்திருந்தார்.

"வாங்கோ ஐயா, முழங்காலுக்கு மேல தண்ணி வராது."

அதிகாரி தம் சப்பாத்தைப் பார்த்தார். "கடலுக்குள்ள கல்லை நட்டா ஆர் வந்து வாசிக்கிறது?"

"படை நடந்துதானே போனது," என்றாள் திரேசா. "வாசிக்கிறவையும் நடந்து போகட்டுமன்."

அவர் சிரித்தார். தெருவில் நின்றே ஒருமுறை கடலைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அடுத்த மாதம் கடிதம் வந்தது: இடம் நேரில் பரிசோதிக்கப்பட்டது, கல் சரியான இடத்திலேயே உள்ளது. என்ன எழுதியிருக்கு என்று மாமா கேட்டார். பரிசீலிக்கிறார்களாம் என்றேன். "ஓம், அரசாங்க வேலை சுணங்கும்தானே," என்றார். அந்த நம்பிக்கையோடுதான் கண்ணை மூடினார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் தீவை விட்டு இந்த நாட்டுக்கு வந்தோம். கல் இப்போது இல்லை என்கிறார்கள். அதற்கு நான் வருந்தவில்லை. காரில் திரும்பி ஏறிய மகன் கைபேசியில் ஊரின் வரைபடத்தை விரித்து நீட்டினான்.

"அப்பா, அம்மா அடிக்கடி சொன்ன அந்த வழி எதால போகுது? காட்டுங்கோவன்."

பார்த்தேன். தாம்போதியின் இரு பக்கமும் நீலம். குறிப்புப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. நீரின் ஆழம், காற்றின் திசை, புறப்பட்ட நேரம் எல்லாம் அதில் உண்டு. எங்கே இறங்கினோம், எங்கே திரும்பினோம் என்பது மட்டும் இல்லை. அந்த அதிகாரியாவது கடலை ஒருமுறை பார்த்தார். நான் திரேசா கால் வைத்த இடத்தில் கால் வைத்தேன், அவ்வளவுதான்.