மெலியுற வருத்தம்

என் கணவருக்குப் பின்னேரமானால் காய்ச்சல் வரும். காலையில் ஒன்றுமே நடக்காதது போல மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விடுவார். எங்கள் ஊரான சம்பூரில் அப்போது மாரி விதைப்பு. சேற்றில் நின்றால் எவருக்கும் உடம்பு நோகும் என்று அவரும் சொன்னார், டிஸ்பென்சரியில் குளிசை (மாத்திரை) கொடுத்தவரும் சொன்னார்.

இருமல் சேர்ந்ததும் காசநோய் என்றார்கள். சளியில் அந்தக் கிருமி இல்லை. பிறகு நிமோனியா (நுரையீரல் அழற்சி) என்றார்கள். பெயருக்கொரு பை மருந்து. அவரோ சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு வற்றிப்போனார்.

கடைசியில் குடாக்கடலைச் சுற்றிக்கொண்டு பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஓர் இளம் டொக்டர், இவருக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) உண்டா, என்ன தொழில் என்று கேட்டுவிட்டு, இரத்த வளர்ப்புச் சோதனைக்கு (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) அனுப்பினார். மெலியோய்டோசிஸ் (சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வரும் தொற்று) என்று முடிவு வந்தது. சீனி வருத்தக்காரரை அது இலகுவில் பிடிக்குமாம்.

"இந்த நாட்டில இது அரிது எண்டுதான் முந்தி நினைச்சம். இப்ப ஆராய்ச்சி செய்யச் செய்யத்தான் பல இடத்திலயும் இருக்கெண்டு தெரியுது," என்றார் டொக்டர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேறு இவ்வளவு காலமும் எங்கள் வாசலில்தானே கிடந்தது? ஆனால் தேடிக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அவரோடு கோபித்து என்ன செய்ய?

கிழமைக்கணக்கில் ஊசி மருந்து ஏறியது. வீட்டுக்கு விடும்போது, இன்னும் மூன்று மாதம் குளிசை, ஒரு வேளையும் விடக்கூடாது என்றார் டொக்டர். விட்டால் ஒளிந்திருக்கும் கிருமி திரும்பி வரும், உயிரையும் எடுக்கும்.

எங்களைக் கெடுத்தது அந்தப் பெயர்தான். என் மச்சாள், இவருடைய அக்கா, 'மெலியோ' என்று காதில் விழுந்ததுமே அதை 'மெலியுற வருத்தம்' ஆக்கிவிட்டார். ஆளும் மெலிந்திருந்ததால் ஊரே நம்பியது. மெலிகிற வருத்தத்துக்குச் சாப்பாடுதானே மருந்து! பனங்கட்டி போட்ட உளுத்தங்களி, தொதல், முட்டைமா என்று இனிப்பாகவே வந்து குவிந்தன, சீனி வருத்தக்காரருக்கு. சட்டியை ஒளித்தால் புருஷனைப் பட்டினி போடுகிறவள் என்று எனக்குப் பெயர். மண்ணிலிருக்கும் கிருமி என்று சொல்லிச் சொல்லி என் வாய் உளைந்தது.

இரண்டு மாதத்தில் அவருக்குக் கன்னம் வைத்தது.

"உடம்பு வந்திட்டுதுதானே. இனி என்னத்துக்குக் குளிசை?" என்றார். மச்சாளும் தலையாட்டினார். நான் சண்டை பிடித்தேன். அவரோ எனக்குத் தெரியாமல் குளிசையை நிறுத்திவிட்டார்.

காய்ச்சல் திரும்பியது. இம்முறை ஈரலில் சீழ். வார்டுக்கு வெளியே மச்சாள் அழுதுகொண்டே, "அவன் மெலிஞ்சிடுவான் எண்டுதான் நான் பயந்தனான்," என்றார்.

"அவர் செத்திடுவார் எண்டு நான் பயந்தனான்," என்றேன்.

ஆள் பிழைத்தார். மறுபடியும் ஊசி, மறுபடியும் முதலிலிருந்து குளிசை. இந்த முறை மச்சாளே ஒவ்வொரு வேளையும் தண்ணீரோடு வந்து, அவர் விழுங்கும்வரை நின்றார். இதே வருத்தத்தோடு இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: காய்ச்சல் விட்டாலும் கிருமி விட்டதாக அர்த்தமில்லை. குளிசையை முடியுங்கள்.

குளிசை முடிந்த பிறகு, போன கிழமை கோயிலடியில் தெரிந்தவர் ஒருவர், "நல்லா உடம்பு வைச்சிட்டீங்கள்," என்று இவரிடம் சொன்னார். சிரித்துக்கொண்டு நின்ற இவர், புறங்கையை மெல்ல எடுத்துத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார். நான் வெயிலைப் பார்த்தேன். பின்னேரமாகியிருந்தது.