தவிட்டுப் பிள்ளையும் சிம்பன்சிக் குடும்பமும்

பிள்ளைகளை அழவைக்க எல்லா வீட்டிலும் சொல்லும் பொய் ஒன்று உண்டு: 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்.' எங்கள் வீட்டில் அது பொய் இல்லை. என் தம்பியை உண்மையிலேயே தவிட்டுக்கு விற்றார்கள். ஒரு படி தவிடு. அப்போது எனக்கு ஆறு வயது, பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அடுத்துப் பிறந்த தம்பியையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் அவனை விற்றுவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். விற்றுவிட்டால் தேடிவருகிற எமனுக்கு இது யார் பிள்ளை என்று குழம்பிப்போகுமாம். எமன் அவ்வளவு மக்கு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வாங்கியது என் பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. போடியில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம், வயிறு திறக்கவில்லை. அம்மா பிள்ளையை முறத்தில் கிடத்தி நீட்டினாள். பெரியம்மா பிள்ளையை எடுத்துக்கொண்டு அதே முறத்தில் தவிட்டைக் கொட்டினாள். சோலி முடிந்தது.

இதற்குச் சில விதிகள் இருந்தன. அம்மா அவனை 'மகனே' என்று கூப்பிடக் கூடாது. மூன்று வயது நிறைந்ததும் குலசாமி கோயிலில் மொட்டை போட்டு, இரண்டு படி தவிடு கொடுத்துத் திருப்பி வாங்க வேண்டும். அதுவரை பேருக்குத்தான் அவன் பெரியம்மா பிள்ளை, வளர்க்கப் போவது பெற்றவள்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் பெற்றவளுக்கு அதற்கு எங்கே நேரம்? அம்மா மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறவள். விடியுமுன் ஜீப் வந்துவிடும். பதினைந்து பெண்கள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரளத்துத் தோட்டங்களில் இறங்கி, பொழுது சாயும்போது அட்டை கடித்த காலோடு திரும்புவார்கள். அந்த ஜீப்பே பெரியப்பாவுடையதுதான். அவர் ஓட்டிப் போவார், அம்மா கூலிக்கு ஏறுவாள், பெரியம்மா வீட்டில் தம்பியை வைத்திருப்பாள். அப்பா தேவாரம் பக்கம் ஒருவருடைய தோட்டத்தில் காவல் இருந்தார். யானை இறங்கும் இடம் என்பதால் வாரத்துக்கு ஒரு முறை வந்தாலே பெரிது.

விடியலில் எழுப்பித் தூக்கிப்போவானேன் என்று தம்பி இராத்தூக்கத்துக்கும் பெரியம்மா வீட்டிலேயே தங்கிவிட்டான். பேச்சு வந்ததும் பெரியம்மாவை 'அம்மா' என்றான். அம்மாவை, மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டு வயதுப் பொடியன் வாசலில் நின்று அம்மாவைப் பெயர் சொல்லி அழைக்க, தெருவே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். எனக்கு இந்த ஏற்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. பெரியம்மா வீட்டில் டி.வி. இருந்தது, தம்பிக்கு வாங்கும் பலகாரத்தில் எனக்கும் பாதி கிடைத்தது.

அவனுக்கு மூன்று வயது முடிந்த கோடையில் சென்னைக்குப் போனோம். பெரியப்பாவின் தங்கை புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினாள். ஊர் திரும்பியதும் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் தம்பியைத் திருப்பி வாங்குவதாக நாள் குறித்திருந்தார்கள். 'திருப்பி வாங்கினாலும் பகல்ல எங்கிட்டத்தான் இருக்கணும்' என்று பெரியம்மா நாலைந்து தடவை சொல்லியிருந்தாள். அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு மிருகக்காட்சிசாலை பார்க்காமல் போவதா என்று பெரியப்பாதான் எங்களை இழுத்துக்கொண்டு போனார்.

புலி தூங்கியது. சிங்கம் தூங்கியது. நீர்யானை தண்ணீருக்குள் இருப்பதாகப் பலகை சொன்னது. 'இதுக்கு நம்ம மெட்டுல குந்தியிருந்தாலே நாலு கரடி பாத்துருக்கலாம்' என்று பெரியப்பா அலுத்துக்கொண்டார். அப்புறம்தான் சிம்பன்சிகளிடம் வந்தோம்.

ஒரு அகழி, அதற்கு அப்பால் புல்வெளி, கட்டைகளால் கட்டிய ஒரு பரண். நாலு பேர் கொண்ட குடும்பம். பெரிய ஆண் ஒன்று, பெண்கள் இரண்டு, குட்டி ஒன்று. குட்டிக்கு என்னதான் வேலையோ, ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு சாக்கை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கண் தெரியாமல் நடந்தது. கட்டையில் முட்டி விழுந்தது. எழுந்து மறுபடி சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, முட்டுவதற்காகவே நடந்தது. ஆண் தின்றுகொண்டிருந்த தர்பூசணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அத்தனை பெரிய உடம்பு, ஓர் அறை விட்டால் குட்டி அகழிக்குள் கிடக்கும். அது கையை நக்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. என் அப்பா ஊருக்கு வரும் நாட்களில்கூட இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

பெரியப்பா உற்சாகமாகிவிட்டார். அகழி ஓரத்தில் நின்று, கையைத் தொங்கப் போட்டு, பல்லெல்லாம் தெரிய இளித்து, சிம்பன்சி மாதிரி ஆடிக்காட்டினார். ஆண் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு ஒரு பிடி புல்லை மண்ணோடு பிடுங்கிக் குறி தவறாமல் எறிந்தது. புதுவீட்டுக்காகத் தேய்த்துப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் 'சொத்'தென்று விழுந்தது.

'பல்லைக் காட்டாதீங்க சார், அதுங்களுக்குப் பிடிக்காது' என்றார் அங்கிருந்த காக்கிச் சட்டைக்காரர். அவர்தான் அவற்றுக்குச் சாப்பாடு கொடுப்பவர். 'வெளையாட்டுக்குச் சிரிச்சா அதுங்க மேல்பல்லு தெரியாது. பாருங்க.'

பார்த்தோம். பெண்களில் ஒன்று குட்டியை மல்லாத்தி வயிற்றில் விரலை விட்டுக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருந்தது. குட்டி வாயைத் திறந்து, கீழுதடு தொங்க, மூச்சிரைக்கச் சிரித்தது. சிரிப்புதான், சத்தம் கூடக் கேட்டது. விரலை எடுத்தால் அந்தக் கையைப் பிடித்து மறுபடி வயிற்றில் வைத்தது.

'தாயி என்னமா வெளையாடுறா பாரு' என்றாள் பெரியம்மா. அவள் இடுப்பில் தம்பி இருந்தான்.

'அது அம்மா இல்லம்மா' என்றார் காக்கிச் சட்டைக்காரர். 'அம்மாக்காரி அந்தாண்ட முதுகைக் காட்டிக்கினு ஒக்காந்திருக்கு பாருங்க, அது. இதுக்குக் குட்டி இல்ல. காலைல வாங்கும், நாள் முச்சூடும் வச்சு வெளையாடும்.'

பெரியம்மா இடுப்பிலிருந்த தம்பியை ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, 'திருப்பித் தர மாட்டேன்னு சண்டை போடாதா?' என்று கேட்டாள்.

'குடுத்துரும்மா. குடுக்கலேன்னா அடுத்த தபா அம்மாக்காரி தராதே.'

அம்மாவோ அந்த முதுகைக் காட்டி உட்கார்ந்த சிம்பன்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது புல்லில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது. பிள்ளை இருக்கும் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

'இது கூப்பிட்டாக் குட்டி வருமா?' என்று அம்மா கேட்டாள்.

'கூப்பிடவே கூப்பிடாதும்மா. கெளம்பணும்னா கையைச் சொறியும். அவ்ளோதான். இருங்க, வெயில் ஏறிடுச்சு, இப்ப சொறியும்.'

சொன்னது போலவே நடந்தது. தாய்ச் சிம்பன்சி இடது கையைத் தூக்கி, வலது கையால் முழங்கையிலிருந்து தோள்வரை நீளமாகச் சொறிந்தது. கரக், கரக் என்ற சத்தம் அகழி தாண்டி எங்களுக்குக் கேட்டது. கிச்சுகிச்சில் புரண்டுகொண்டிருந்த குட்டி சட்டென்று எழுந்தது. மற்றது கையை எடுத்துக்கொண்டது. குட்டி ஒரே ஓட்டமாகப் போய்த் தாயின் வயிற்றில் தொற்றிக்கொள்ள, தாய் திரும்பிப் பார்க்காமலே எழுந்து நிழலுக்கு நடந்தது. கூடி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. எல்லோரையும் சிரிக்கவைக்கும் ஓர் எண்ணமும் தோன்றியது. ஒன்பது வயதில் அப்படித் தோன்றினால் அடக்கிவைக்க முடியாது.

'அம்மா, நீ சொறி! தம்பி வர்றானான்னு பாப்போம்!'

பெரியப்பாவுக்குச் சட்டை அழுக்கான வருத்தம் போய்விட்டது. 'ஆமா, சொறி தாயி, பாப்போம்' என்றார். பெரியம்மா தம்பியை இடுப்பிலிருந்து இறக்கி, இருவருக்கும் நடுவில் நிறுத்தினாள். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள், 'போடி கூறுகெட்டவளே' என்றாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடது கையைத் தூக்கினாள். அந்தக் கையெல்லாம் ஏலச்செடித் தட்டைகள் கிழித்த கோடுகள். அவள் நீளமாகச் சொறிந்தாள், கரக், கரக்.

தம்பி பார்த்தான். அவனுக்கும் விளையாட்டு பிடித்துவிட்டது. அம்மாவைப் பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டான், கைகொட்டினான், திரும்பி ஓடிப் பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியப்பா சிரித்தார். யாரென்றே தெரியாத நாலு பேர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், ஆனால் தூக்கிய கையை இறக்க மறந்துவிட்டாள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் குனிந்து, காலைக் கட்டியிருந்த கையை எடுத்துவிடப் பார்த்தாள். அவன் விடவில்லை.

மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு தின்னும்போது அம்மா சொன்னாள்: 'அக்கா, வெள்ளிக்கிழமை திருப்பி வாங்குறதோட, மலைக்குப் போறதையும் நிப்பாட்டிக்கிறேன்.'

'ஏன், நான் பிள்ளைய நல்லாப் பாக்கலையா?'

'நல்லாப் பாத்துட்டக்கா. அதான்.'

பெரியம்மா கையிலிருந்த சோற்றைத் தம்பி வாயில் ஊட்டினாள். பெரியப்பா, 'காய் எடுப்பு வரப்போற நேரத்துல இப்படித் திடுதிப்புனு சொன்னா ஆளுக்கு நான் எங்க போறது?' என்று ஆரம்பித்தார். 'நீங்க கொஞ்சம் சும்மா இருங்க' என்றாள் பெரியம்மா. அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சும்மா இருந்தார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் தம்பிக்கு மொட்டை போட்டார்கள். பெரியம்மா முந்தானையை விரித்து இரண்டு படி தவிட்டையும் வாங்கி முடிந்துகொண்டாள். 'ஒம் பிள்ளைய நீ பிடி' என்று நீட்டினாள். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று விதி. தம்பி அவள் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீரிட்டான். அம்மா இழுக்கவில்லை, கையை நீட்டியபடி நின்றாள். பெரியம்மாதான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். 'போ அப்பு, ஒங்க அம்மாகிட்டப் போ' என்றாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக அம்மா அவனை 'எம் மகனே' என்று வாய்விட்டுக் கூப்பிட்டு அழுதாள். அழுவதும் சடங்கில் ஒரு பகுதி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா போடியிலேயே ஒரு கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கூலி பாதிதான், ஆனால் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளலாம். தம்பி பத்துப் பன்னிரண்டு நாள் அழுதான். கண்ணசந்தால் நாலு வீடு தள்ளி ஓடிப்போய்ப் பெரியம்மா வீட்டுக் கதவைத் தட்டுவான். பிடித்துவர என்னை அனுப்புவார்கள். கதவு எப்போதும் பூட்டியிருக்கும். தட்டித் தட்டி அலுத்து, ஒரு நாள் போவதை நிறுத்தினான். கொஞ்ச நாளில் அம்மாவை அம்மா என்றான்.

கதவு பூட்டியிருந்ததற்குக் காரணம், பெரியம்மா மலைக்குப் போகத் தொடங்கியிருந்ததுதான். அதுவரை களை கொத்துகிற களைக்கொட்டைத் தொட்டுப் பார்க்காதவள், விடியுமுன் எழுந்து, புருசன் ஓட்டும் ஜீப்பில் கூலிக்காரியாக ஏறிப் போனாள். பெரியப்பா எவ்வளவோ சத்தம் போட்டுப் பார்த்தார். தெருவில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஜீப் வைத்திருக்கிறவன் பொண்டாட்டிக்குக் கூலி மேல் இம்புட்டு ஆசையா என்றார்கள். எனக்கும் அவள் மேல் கோபம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் டி.வி. பார்க்க வழியில்லை.

ஒரு சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கியவளை வழிமறித்து நேராகவே கேட்டேன். 'ஏன் பெரியம்மா, நீ ஏன் மலைக்குப் போற? ஒனக்கென்ன, பிள்ளையா குட்டியா?'

அவள் என் தலையைத் தடவினாள். கையில் பச்சை ஏலக்காய் வாசனை அடித்தது.

'வீட்ல சோலி ஒண்ணும் இல்லத்தா' என்றாள்.

நான் அதை அப்படியே நம்பினேன்.