ஓட்டையைக் கண்டுபிடித்தது யார்?

ஒன்பது வயதில் நான் ஒரு சீமைக் காரைப் பழுது பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன.

அது எங்கள் ஊர்ப் பண்ணை ஐயாவின் கார். திருப்பனந்தாளுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஐயா சீமையில் படித்துத் திரும்பும்போது பட்டத்தோடு காரையும் கப்பலில் கொண்டுவந்தார் என்பார்கள். பட்டத்தை யாரும் பார்த்ததில்லை. காரைப் பார்க்காதவர் கிடையாது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மேலே கூரை இல்லை. அது தெருவில் பறந்தால் கோழிகளும் நாங்களும் ஒன்றாகத்தான் சிதறி ஓடுவோம்.

அப்பா பம்புசெட் மிஸ்திரி. சுற்றுவட்டாரத்தில் எந்த ஆயில் இஞ்சின் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் காலையில் கார் கொதித்து நின்றுவிட்டது என்று பண்ணையிலிருந்து ஆள் வந்தது. பள்ளிக்கூடம் லீவு. நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்து அப்பாவோடு ஒட்டிக்கொண்டேன்.

ஐயாவுக்கு அன்றைக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆட்சி மாறியதிலிருந்து, நிலத்துக்கு உச்சவரம்பு வரப்போகிறது என்றே டீக்கடையெல்லாம் பேச்சு. வரம்புக்கு மேலிருப்பதை அரசாங்கம் எடுத்து உழுகிறவனுக்குக் கொடுக்குமாம். என் மாமா, அம்மாவின் தம்பி, விவசாயச் சங்கத்துக் கொடி பிடிக்கிறவர். வடிகால் ஓரமாகத் தனக்கு வரப்போகும் நிலத்தைக் காலடி வைத்து அளந்தே வைத்துவிட்டார். ஐயாவோ அதற்குள் நிலத்தைச் சொந்தக்காரர்கள் பேரில் பிரித்து எழுதிவிடப் பார்த்தார். இன்று சாயங்காலத்துக்குள் தஞ்சாவூர் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வராவிட்டால் அப்புறம் எழுதுவது செல்லாது என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார். பண்ணையில் இருந்த இன்னொரு பெரிய காரை ஐயாவின் அண்ணன் மெட்ராசுக்கு எடுத்துப் போயிருந்தார். காலை பஸ்ஸும் போய்விட்டது.

அன்றைக்கு இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. அப்பாவிடமும் அதுவரை யாரும் சொல்லவில்லை. நான் காரையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட ஐயா, "வண்டி கிளம்புச்சுன்னா மெயின் ரோடு வரைக்கும் உன்னை ஏத்திக்கிட்டுப் போறேன்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ரேடியேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் போகும் இரும்புக் குழாயை அப்பா கழற்றினார். அது கையோடு பிய்ந்து வந்தது. உள்ளேயிருந்து செக்கச்செவேலென்று சேறு கொட்டியது. காரணம் வேடிக்கையானது. பதினெட்டாம் பெருக்கன்று பண்ணையில் காருக்கும் மாலை போட்டு, ஆற்றில் வந்த புதுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்றுவார்கள். வருஷா வருஷம் நடந்த பூஜை அது. காவேரியின் வண்டலும் இரும்பின் துருவும் சேர்ந்து குழாய்களைத் தின்றிருந்தன.

"ஐயா, இதுல நாத்தே விடலாங்க" என்றார் அப்பா. ஐயாவும் சிரித்துவிட்டார்.

அடுத்த இரண்டு மணி நேரம் திருவிழாதான். அப்பா பம்புசெட் குழாயில் ஒரு துண்டை அறுத்தார், சணலைச் சுற்றினார், பெயிண்டைத் தடவி முறுக்கினார். நான் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றி உள்ளேயிருந்த சேற்றைக் கழுவினேன். சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது. நான் குதித்தேன். ஆனால் அடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டு, எங்கிருந்து ஒழுகுகிறது என்று அப்பா காருக்கடியில் படுத்துத் தேடினார்.

அந்த நேரத்தில் அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். அப்பாவைப் பூவரச மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் என்னவோ சொன்னாள். ஆபீசு, தம்பி, நிலம் என்று மூன்று வார்த்தைதான் என் காதில் விழுந்தது. அப்பா சாப்பிடாமலே திரும்பி வந்தார். மறுபடியும் காருக்கடியில் படுத்தார், எழுந்தார், கையைத் துடைத்தார்.

"எங்க ஒழுவுதுன்னே தெரியலைங்க. இஞ்சினை இறக்கித்தான் பாக்கணும். ரெண்டு நாளாவது ஆவுங்க."

ஐயாவின் முகம் தொங்கிவிட்டது. என் முகம் அதைவிட. இரண்டு நாளா! அதற்குள் பெரிய கார் வந்துவிடும், என் சவாரி அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அப்பாவின் கை நுழையாத இடத்தில் என் கை நுழையாதா? இஞ்சினுக்குப் பின்னால் இருந்த சந்தில் கையை விட்டுத் துழாவினேன். வெதுவெதுப்பாக ஒரு குழாய் தட்டுப்பட்டது. அமுக்கினேன். அப்பளம் மாதிரி நொறுங்கி என் விரல் உள்ளே போய்விட்டது.

"அப்பா! இங்கதான் ஓட்டை! என் விரலு உள்ள போவுது!"

ஐயா ஓடி வந்து எட்டிப் பார்த்தார். "அட, இது ஹீட்டருக்குப் போற குழாய்! சீமைக் குளிருக்கு வச்சது. தஞ்சாவூர் வெயில்ல நமக்கு எதுக்கு? இதைத் துண்டிச்சு விட்டா வேலை முடிஞ்சுது, என்ன மிஸ்திரி?"

அப்பா என்னையே பார்த்தார். பெருமையில்தான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மெதுவாகப் பையைத் திறந்து ரப்பர் குழாய் எடுத்தார். இற்றுப்போன குழாயைக் கழற்றிப் போட்டு, அது மாட்டியிருந்த இரண்டு முனைகளையும் ரப்பர் குழாயால் வளைத்து இணைத்தார். பத்தே நிமிஷம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஐயா சொன்ன சொல் தவறவில்லை. வைத்துக்கொள்ள வேறு இடமில்லாததால் பத்திரப் பெட்டியை என் மடியில் வைத்தார்கள். அதை இறுகக் கட்டிக்கொண்டு காற்றில் தலைமயிர் பறக்க மெயின் ரோடு வரைக்கும் போனேன். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட எனக்கு வந்ததில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பார்த்தவர்களிடம் காரின் உறுமலை வாயால் செய்து காட்டிக்கொண்டே நடந்தேன்.

பொழுது சாயும்போது மாமாவும் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டாங்களாம், மச்சான்" என்றார் மாமா. "எங்க ஓட்டைன்னு தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. யாரு கண்டுபிடிச்சது அதை?"

இதோ என் பேர் வரப்போகிறது என்று முன்னால் போய் நின்றேன்.

"நான்தான்" என்றார் அப்பா.

என்ன அநியாயம்! "பொய்யி! அது..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. அவர்கள் அப்பாவை ஏதேதோ சொன்னார்கள். மாமா எங்கள் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அன்றைக்கு நான் அதில் எதையும் பொருட்படுத்தவில்லை. நான் செய்த வேலைக்கு அப்பா பேர் வாங்கிக்கொண்டுவிட்டாரே என்று எனக்கு ஒரே அழுகை. அவரோடு பேசக் கூடாது என்று சபதம் எடுத்து, முழுசாக மூன்று நாள் பேசாமல் இருந்தேன்.