சிவப்பு ஸ்டாண்டில் ஒரு டியூப்

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கைதிமேல்கூடக் கை ஓங்காத சிறைக் காவலரைச் சாந்தமானவர் என்பதா, இன்னும் அடிக்காதவர் என்பதா?

அந்தக் காவலருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்ததே கைதிகள்தான். பிறகு சக காவலர்களிடமும் அது ஒட்டிக்கொண்டது. அடிதடி மூண்டால் தடியை இடுப்பிலேயே விட்டுவிட்டு நடுவில் போய் நின்று பேசுவார். பேச்சு நீண்டுகொண்டே போகும், சண்டைக்காரர்களுக்கே அலுத்துவிடும்.

ஒருநாள் ஆராய்ச்சிக்காக ஒரு டாக்டரம்மா வந்தார். மூர்க்கம் பிறவியிலேயே ரத்தத்தில் வருகிறதா என்று பார்க்கிறார்களாம். கொலை, அடிதடிக் கைதிகளின் ரத்தம் சிவப்பு ஸ்டாண்டில். ஒப்பிட்டுப் பார்க்கச் சாதுவான ஆட்களின் ரத்தம் நீல ஸ்டாண்டில். சாது யார் என்று கேட்டதும் காவலர் ஓய்வறையே பஞ்சுவை முன்னால் தள்ளியது.

"இவரைக் கடிச்ச கொசு சாமியாராப் போயிடும், டாக்டர்," என்றார் கூட்டாளிக் காவலர்.

அவர் ரத்தம் எடுத்த டியூப் நீலத்தில் உட்கார்ந்தது. பிறகு கேள்விகள்: தூக்கம் எப்படி, குடி உண்டா, தலையில் அடிபட்டதா. கடைசியில், ரத்த சொந்தத்தில் யாராவது ஜெயிலுக்குப் போனதுண்டா என்றார் டாக்டர். கூட்டாளி தன் முறைக்காகக் கதவருகே நின்றிருந்தார். அப்பா விபத்தில் போய்விட்டார் என்றுதான் பஞ்சு மனைவியிடமும் மகளிடமும் இத்தனை காலம் சொல்லிவந்தது. அன்று அந்தப் பொய் நாக்கில் ஏறவில்லை.

"எங்கப்பா," என்றார். "பக்கத்து வீட்டுக்காரரைக் கொன்னுட்டார். ஜெயில்லயே போய்ச் சேர்ந்துட்டார்."

டாக்டர் குறித்துக்கொண்டார். பிறகு, உப்பு டப்பாவை இடம் மாற்றிவைப்பவர்போல, அந்த டியூபை எடுத்துச் சிவப்பில் செருகினார். கொலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கும் அதுதான் இடமாம்.

ரத்தத்தின் சூடுகூட இன்னும் ஆறியிருக்காது.

மறுநாள் அவரை யாரும் பஞ்சு என்று கூப்பிடவில்லை. 'சார்' என்றார்கள். ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த கூட்டாளி, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் கத்தியை மடித்துப் பைக்குள் போட்டார். போட்டது கூட்டாளிக்கே தெரியவில்லை. அதுதான் பஞ்சுவைக் கதிகலங்க வைத்தது. இரண்டு கொலை செய்த ஒரு கிழவர் மட்டும் கம்பிக்குப் பின்னாலிருந்து பிரியமாகச் சிரித்தார்.

"அப்ப நீங்க நம்ம ஆளுதான், தம்பி."

செய்தி அவருக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. மனைவி முகம் கொடுக்கவில்லை. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் மூக்கு நுனியில் கோபம் உள்ளவள். அவள் காலையில் வீசும் தட்டு மாலைக்குள் அந்த வீட்டில் சிரிப்பாகிவிடும். அன்று அவள் கத்தவில்லை. வயிற்றில் கை வைத்தபடி கேட்டாள்.

"அப்பா, எனக்கு வர்ற கோபம் என்னோடதா, தாத்தாவோடதா?"

எல்லாருக்கும் வருவதுதானே என்று முந்தின வாரமாக இருந்தால் சொல்லியிருப்பார்.

"அந்த டியூபைத் திரும்ப வாங்கிடுங்க. எனக்காக வேணாம், இதுக்காக," என்றாள் வயிற்றைத் தொட்டு.

வேண்டாமென்றால் எப்போதும் விலகிக்கொள்ளலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். பஞ்சு போய் நின்றார். நடந்ததைக் கேட்டு டாக்டரும் ஆடிப்போயிருந்தார். பல நூறு பேரின் ரத்தத்தைச் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்த ஆராய்ச்சி, தனி ஒருவரைக் காட்டி இவர் இப்படி என்று அது சொல்லவே சொல்லாது என்றார். உண்மைதான். ஆனால் ஓய்வறையில் இருந்தவர்களுக்கு ஸ்டாண்டின் நிறம் போதுமாக இருந்தது.

டாக்டர் டியூபை எடுத்து மூடியில் கை வைத்தார். "ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இப்பவே அழிச்சிடறேன்."

பஞ்சு சிவப்பு ஸ்டாண்டைப் பார்த்தார். கை ஓங்கியவர்களின் ரத்தத்துக்கு நடுவே, கை ஓங்காத ஒருவருடைய டியூபின் இடம் காலியாக இருந்தது.

"சிவப்புலயே இருக்கட்டும்மா," என்றார்.

பேரன் பிறந்தபின்னும் வெகுகாலம் மகள் அவரோடு பேசவில்லை. கூட்டாளி கேட்டார், மனைவி கேட்டாள். ஏன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.