வேலிக்கு அந்தப் பக்கத்து மண்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருடம். மலாக்கா காஜா பேராங்கில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் சின்ன மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், சோறு இறங்காது, நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனாள். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தோம். கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஈறுகளைப் பார்த்தார், ரத்தத்தைச் சோதித்தார். "உடம்பில் ஈயம் சேர்ந்திருக்கிறது. பிள்ளை மண் தின்னுமா?" என்றார். தின்பாள். விசாரித்தால், எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர் பழைய பேட்டரிகளை உடைத்து, கொல்லையில் ஈயம் உருக்கி, மீன்வலைக்குக் குண்டு வார்த்து விற்றவராம்.

"வேற வீடு பார்த்துப் போயிடுவோம்" என்றார் கணவர்.

"நாம போயிடுவோம். அடுத்து வர்றவங்க பிள்ளை?" என்றேன்.

சுகாதார அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் ஓர் அதிகாரி வந்து கொல்லையில் பல இடங்களில் மண் எடுத்தார். விஷம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரிய வேலிக்கு அந்தப் பக்கமும் எடுக்க வேண்டும் என்றார்.

அங்கே பக்கத்து வீட்டு அக்காவின் கங்கோங் கீரைப் பாத்திகள். தமிழ் வழி வந்தும் தலைமுறைகளாய் மலாய் மட்டுமே பேசும் மலாக்காச் செட்டி குடும்பம். கணவர் இல்லை, கீரை விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தார். மலாயில் விஷயத்தைச் சொன்னேன்.

"விஷ மண்ணுன்னு பேர் வந்தா என் கீரையை யார் வாங்குவா?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

சாயங்காலம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடியும் போய் நின்றேன். "அக்கா, உங்க பிள்ளைகளும் இதைத்தானே சாப்பிடுறாங்க?"

மறுநாள் காலை மண்வெட்டிச் சத்தம். வேலியோரப் பாத்தியை அவரே கொத்திக்கொண்டிருந்தார். "உன் பிள்ளைக்குக் கீரை கொடுத்ததும் நான்தானே. அந்த அதிகாரியை வந்து மண் எடுத்துக்கச் சொல்லு" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

சோதனையில், எங்கள் கொல்லையிலும் அவருடைய வேலியோரப் பாத்திகளிலும் ஈயம் இருந்தது. தள்ளியிருந்தவற்றில் பயமில்லை. கெட்ட பாத்திகளின் கீரையை அக்கா அன்றே பிடுங்கிப் போட்டார். வீட்டுச் சொந்தக்காரரை விடாமல் துரத்தி, மேல்மண்ணை வெட்டி லாரியில் அகற்ற வைத்தோம். நல்ல பாத்திக் கீரையோடு அவர் சந்தைக்குப் போனபோது நானும் கூட உட்கார்ந்தேன். கேட்டவர்களிடமெல்லாம், சோதித்த மண்ணில் விளைந்தது என்று சொன்னேன். மகள் மெல்லத் தேறினாள்.

தெரியாமலே இருந்துவிடலாம் என்று மனம் ஒதுங்கப் பார்க்கும்போதெல்லாம், பிழைப்பே போகும் என்று தெரிந்தும் தன் மண்ணைத் தானே வெட்டிக் கொடுத்த அந்த அக்காவை நினைத்துக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்து வைக்கிறேன்.